பண்ணையாளுக்கு ஒரு முகம்

மேல் பந்தியில் உட்காருகிற பெரிய மனிதர்களுக்குக் கதையில் மூக்கு கிடையாது. இதைக் கதைக்காரன் ஹேமோ கண்டுபிடிக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்துக் கதைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரைவீரன் என்றால் அழகன், பெரிய இடத்துப் பெண் என்றால் லில்லிப்பூ, அத்தோடு சரி. அந்த அழகனுக்குக் காது பெரிதா சிறிதா, அந்த லில்லிப்பூவுக்குப் பல் வரிசையா தாறுமாறா என்று எவனும் கேட்கமாட்டான். ஆனால் கதைக்குள் ஒரு பண்ணையாள் காலெடுத்து வைத்துவிட்டால் விருந்து மண்டபமே நிமிர்ந்து உட்காரும். அவனுடைய கிழிந்த உதடு, தொங்கும் இமை, கழுத்தில் சொறி, கால் நகத்தில் சாணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். பெயர் மட்டும் வேண்டியதில்லை. பண்ணையாள் என்றால் போதும்.

ஆஷ்கோம்ப் பண்ணையில் ஹேமோவும் ஒரு பண்ணையாள்தான். வருஷம் முழுக்கப் பிரபு ஃபுல்க்கின் நிலத்தில் ஏர் பிடிப்பான். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பன்னிரண்டு நாள் மட்டும், மாலை விருந்துக்குப் பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று கதை சொல்லுவான். நாக்கு மண்டபத்துக்கு, மற்றதெல்லாம் வயலுக்கு என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. தன்னைப் போன்றவர்களை வைத்தே சிரிப்பு மூட்டுகிறோமே என்ற உறுத்தல் அவனுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் பிரபு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாளும் விருந்தாளிகள் சிரித்துவிட்டுப் போனால், அதற்கு மறுநாள் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஹேமோவையும் அவன் பெற்றதையும் விடுதலை செய்துவிடுவதாக. பெற்றது என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். சாசனத்தில் பண்ணையாளின் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று எழுதுவதில்லை. பன்றி போடும் குட்டிகளுக்கு என்ன சொல்லோ அதே சொல்தான். ஹேமோ பெற்றது ஒரே ஒரு பெண், ஐவெட்டா. தாய் இல்லாத பெண். வெல்பரி நகரத்து மெழுகுவர்த்திக்காரர் மகன் பியர்ஸுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. பையனின் அப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார். பெண் தங்கம், ஆனால் இன்னொருவருடைய சொத்தை நான் வீட்டுக்குள் விட முடியாது, விடுதலைப் பெண்ணாக வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆகவே ஹேமோ இந்த வருஷப் பண்ணையாளை நன்றாகவே செய்ய நினைத்தான். நவம்பரில், மார்ட்டின் திருநாள் வாக்கில் செத்துப்போன தர்ஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டான். இருவரும் இருபது வருஷம் ஒரே ஏரில் மாடு ஓட்டியவர்கள். தர்ஸ்டன் இடது காலை இழுத்து இழுத்து நடப்பது, மாட்டிடம் சம்சாரத்திடம் பேசுவது போல் குறைபட்டுக்கொள்வது எல்லாம் ஹேமோவுக்கு அத்துப்படி. நடையும் பேச்சும் தர்ஸ்டனுடையது. உதட்டைக் கிழித்தது, இமையைத் தொங்க விட்டது, பல்லை மாட்டுப் பல்லாக்கியது எல்லாம் ஹேமோவின் கைவேலை. செத்தவன் வந்து சண்டை போடப்போவதில்லை. நான்கு நாள் மண்டபம் வயிறு வலிக்கச் சிரித்தது. பிரபு ஃபுல்க் தன் கோப்பையிலேயே அவனுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் தர்ஸ்டனின் மனைவி ஆல்டித் வந்தாள். ஹேமோ மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். மண்டபத்தில் பெரியவர்கள் தட்டாக வைத்துச் சாப்பிட்ட குழம்பு ஊறிய ரொட்டியை வாசலில் விதவைகளுக்குக் கொடுப்பார்கள். அதற்காக நின்றபோது கதை முழுவதையும் கேட்டிருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் எண்ணினான். அவள் சத்தமே போடவில்லை.

"ஹேமோ அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு உதடு கிழிஞ்சா இருந்துச்சு?"

"கதை தங்கச்சி. கதையில ஆயிரம் வரும்."

"அது தெரியும். கிழிஞ்சிருக்கலன்னும் தெரியும். ஆனா கண்ண மூடினா கிழிஞ்ச உதடுதான் வருது. பதினெட்டு வருஷம் பக்கத்துல படுத்தவ நான். அந்த முகத்தக் காணோம். நீங்கதான் எடுத்தீங்க, நீங்களே திருப்பிக் குடுத்துருங்க."

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவன் தேறுதல் சொன்னான். சொல்லிக்கொண்டே தானும் தர்ஸ்டனின் முகத்தை நினைத்துப் பார்த்தான். கிழிந்த உதடு வந்தது. தொங்கும் இமை வந்தது. மாட்டுப் பல் வந்தது. இருபது வருஷம் மழையிலும் வெயிலிலும் பக்கத்தில் நடந்தவனுடைய கண் என்ன நிறம் என்று தேடினால் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. ஹேமோவின் கை தவிட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவளுக்காக முயற்சி செய்தான். இதைச் சொல்லத்தான் வேண்டும், அவன் கெட்டவன் இல்லை. தர்ஸ்டன் நல்லவன், தர்ஸ்டன் உழைப்பாளி என்று ஆரம்பித்து, முகத்துக்கு வந்ததும் வாயில் வந்ததெல்லாம் பருந்துக் கண், பொன்னிற முடி, நிமிர்ந்த தோள். நல்ல மனிதன் ஒருவனை வர்ணிக்க அவன் கற்றிருந்த சொற்கள் அவ்வளவுதான். ஆல்டித் பொறுமையாகக் கேட்டாள்.

"இது மேல் பந்தி ஆளு அண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரர் இல்ல."

அதோடு தர்ஸ்டனை விட்டுவிட்டான். அடுத்து அவன் செய்ததுதான் பெரிய தப்பு. செத்தவன் முகம் வெறும் நினைப்பு, அதனால்தான் போயிற்று, உயிரோடு இருப்பவன் முகம் அவன் தோளின் மேலேயே இருக்கிறது, அதைச் சொல்லால் என்ன செய்துவிட முடியும் என்று கணக்குப் போட்டான். அன்று மாலை பன்றி மேய்க்கும் ஓஸ்பர்ட்டைக் கதைக்குள் இழுத்தான். பன்றி கடித்துத் தின்ற காது, வேகவைத்த முட்டை போன்ற கண், முகவாய் இருக்கும் இடத்தில் ஒரு மடிப்பு. காரியஸ்தர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சியிலிருந்து விழுந்தார்.

மறுநாள் காலை ஓஸ்பர்ட் ஓக் காட்டுக்குள் நுழைந்ததும் அவன் வளர்த்த பன்றிகளே சிதறி ஓடினவாம். வீட்டுக்குத் திரும்பினால் பெற்ற தாய் அகப்பையைத் தூக்கிக்கொண்டு, யாரடா நீ, என் மகன் எங்கே என்று விரட்டியிருக்கிறாள். ஊரில் எல்லோரும் ஓஸ்பர்ட் பண்ணையை விட்டு ஓடிவிட்டான் என்றும், எவனோ ஒரு அவலட்சணம் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

அந்த அவலட்சணம் ஹேமோவின் கொல்லைக்கு வந்து நின்றது. பார்த்ததும் ஹேமோவுக்குத் தெரிந்துவிட்டது, அது அவன் வாயிலிருந்து பிறந்த முகம். பன்றி தின்ற காது இருந்தது. முட்டைக் கண் இருந்தது. கதையில் புருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் புருவம் இருக்க வேண்டிய இடம் பிசைந்த மாவு மாதிரி மழமழவென்று இருந்தது. மூக்கையும் சொல்லவில்லை. ஹேமோ அந்த இடத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, குளத்துல குனிஞ்சு பாத்துட்டேன்," என்றான் ஓஸ்பர்ட். "எப்பவும் போலத்தான் இருக்கேன். ஏன்ணே எல்லாரும் இப்படிப் பாக்குறாங்க? எங்கம்மா கூட."

ஹேமோ உள்ளே போய் இருந்த ரொட்டியையெல்லாம் எடுத்து வந்து அவனிடம் கொடுத்தான். வேறு என்ன கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓஸ்பர்ட் வாங்கிக்கொண்டு காட்டுப் பக்கமாகப் போனான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த ஐந்து நாள் ஹேமோ புனிதர்கள் கதை சொன்னான், குதிரைவீரர்கள் கதை சொன்னான். பளபளக்கும் கவசம், தூய காதல், விழுந்து விழுந்து செபம். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு சீமாட்டி நாய்க்கு எலும்பு போடுவதில் இறங்கிவிட்டாள். உயர்ந்தவர்களுக்குக்கூட உயர்ந்தவர்கள் கதை அலுப்புத்தான், பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்! இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஹேமோ மேல் பந்தியை முதல்முறையாக ஊன்றிக் கவனித்தான். பந்தத்து வெளிச்சத்தில் அங்கே இருந்த பதினான்கு பேருக்கும் ஒரே முகம். அழகாக, வெளுப்பாக, எதுவும் எழுதாத சாசனத் தோல் போல. எது பிரபு, எது விருந்தாளி என்று சட்டையை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க முடிந்தது. அவர்களுக்கு அது உறைக்கவில்லை. அவர்களை முகத்தை வைத்தா அடையாளம் காண்கிறார்கள்? கொடி இருக்கிறது, மோதிரம் இருக்கிறது, குதிரை இருக்கிறது. ஓஸ்பர்ட்டுக்கு முகத்தைத் தவிர என்ன இருந்தது?

பதினோராம் நாள் பிரபு ஃபுல்க் அவனைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை, நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஏய் ஹேமோ, என்னடா ஆச்சு உனக்கு? சாமியார் ஆகப்போறியா? நாளைக்குப் பண்ணையாள் வரணும். அவன் வரலன்னா சாசனமும் வராது." போகத் திரும்பியவர் ஏதோ ஞாபகம் வந்தவராக நின்றார். "அவனுக்கு ஒரு பொண்ணு வை. அவளுக்குக் கல்யாணம் பண்ணி வை. மெழுகுவர்த்திக்காரன் வீட்டுக்குக் குடு, நல்லா இருக்கும். பொண்ணு மூஞ்சிய நல்லா விவரமா சொல்லணும், கேட்டியா? சீமாட்டிங்கல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

சரி எசமான் என்று ஹேமோ சொன்னான். வயலுக்குப் போய், உறைந்து கிடந்த உழவுச் சாலில் மேலும் கீழும் நடந்தான். யாருடையதும் அல்லாத ஒரு முகத்தைச் செய்துவிட்டால் தப்பித்துவிடலாம். ஒரு மூக்கு நினைத்தான், அது கொல்லன் மனைவியின் மூக்கு. ஒரு பல் நினைத்தான், அது கோழிக்காரியின் கடைசி மகளுடைய பல். ஒரு கன்னத்தை இழுத்தான், அகலமாக்கினான், அப்படியும் அதற்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். யாரிடமும் இல்லாத மூக்கு என்று ஊரில் ஒன்று கிடையாது. எதைச் சொன்னாலும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி நாளைக் காலையில் வாசலில் நின்று அழுவாள். அவன் யாரைச் சொன்னாலும் கதை கேட்கிறவர்கள் அவன் மகளைத்தான் நினைப்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிரபு அதற்குத்தானே அப்படிக் கேட்டார். ஹேமோ அங்கேயே உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே எந்த முகத்தை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தேடினான். கடைசியில் ஒன்று கிடைத்தது.

பன்னிரண்டாம் நாள் மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. கீழ் வரிசையில் ஐவெட்டா பெரிய ஜாடியோடு பார்லிக் கள் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹேமோ நடுவில் வந்து நின்று தன்னையே சொல்ல ஆரம்பித்தான். ஏரின் கைப்பிடி தட்டி உடைந்து கோணிப்போன தன் மூக்கு. தீப்பட்டு முடி முளைக்காத தன் இடது பக்கத் தலை. கதை சொல்லிச் சொல்லி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட தன் வாய். சொன்னபடியே விட்டால் யார் சிரிப்பார்கள்? கோணலை இன்னும் கோணலாக்கினான், தழும்பைக் கொப்புளமாக்கினான், வாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டான். ஓஸ்பர்ட்டின் மழமழப்பு ஞாபகம் வந்ததால் எதையும் விட்டுவைக்கவில்லை. புருவம், விரல், நகம், முதுகு எல்லாவற்றையும் கதைக்குள் போட்டான்.

சிரிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. கல்யாணக் கட்டம் வந்ததும் மேல் பந்தியில் கோப்பைகளைத் தட்டினார்கள். பொண்ணைக் காட்டு, பொண்ணைக் காட்டு என்று கத்தினார்கள். ஹேமோவின் பண்ணையாள் மகளை முக்காடு போட்டு அழைத்து வந்தான். எவன் முக்காட்டைத் தூக்க வந்தாலும் குறுக்கே விழுந்தான், குதித்தான், கையை விரித்துக்கொண்டு ஆடினான். தூக்க வந்த மாப்பிள்ளையின் அப்பாவையே தூக்கிக்கொண்டு ஓடினான். மண்டபம் மகளை மறந்துவிட்டது. பிரபு ஃபுல்க் மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐவெட்டாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹேமோ அதைப் பார்த்தான், அவள் முகம் அவளிடம் பத்திரமாக இருந்தது.

அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை, மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். காலையில் தொட்டித் தண்ணீரில் பார்த்தபோது அவன் அவனாகவே இருந்தான். ஓஸ்பர்ட்டுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். காரியஸ்தர் அனுப்பிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உச்சி வேளைக்குக் கோயில் வாசலுக்குப் போனான்.

விடுதலை கொடுப்பதற்கென்று ஒரு முறை உண்டு. பிரபு பண்ணையாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் முன்னால் நிற்பார். இவன் யார் என்று பாதிரியார் கேட்பார். அவனுடைய ரத்த சொந்தம் ஒருவர் வேதப் புத்தகத்தில் கை வைத்து இன்னார் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு பிரபு கையை விடுவார், நாலு பக்கமும் போகிற பாதையைக் காட்டுவார், விடுதலையானவனுக்கு உரிய ஆயுதம் என்று கையில் ஒரு ஈட்டியைக் கொடுப்பார். கையை விடுகிற வரைக்கும் பண்ணையாள் வாய் திறக்கக் கூடாது. அதுவரை அந்தச் சடங்கில் அவனுக்குக் குரல் கிடையாது. திறந்தால் எல்லாம் கெட்டுப்போகும்.

ஹேமோ கூட்டத்துக்குள் நடந்து வந்தபோது முன்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு இன்னொருவன். நேற்றைய பண்ணையாள் டோய் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தவர்கள் ஹேமோவின் கூடவே ஏர் ஓட்டியவர்கள்தான். ஹேமோ வராமல் வேறு எவனையோ ஏன் அனுப்பியிருக்கிறான் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிரபு ஃபுல்க்குக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பண்ணையாள் முகத்தைப் பார்த்ததே கிடையாது, அதனால் அவருக்கு இழக்க எதுவும் இல்லை. பேச்சும் சிரிப்புமாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பாதிரியார் ஐவெட்டாவைக் கூப்பிட்டார். அவள் நீல முக்காட்டோடு ஓடி வந்தாள். வந்தவள் பாதியில் நின்றாள். பிரபு கையில் இருக்கும் ஆளைப் பார்த்தாள், அவனைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தாள், கூட்டத்தைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். அப்பா வந்துகொண்டிருப்பார், இதோ வந்துவிடுவார் என்று தேடும் பார்வை. ஹேமோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை, அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயரில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. சொன்னால் அவள் என்றைக்கும் பண்ணையின் சொத்து.

"இவன் யாரும்மா?" என்று பாதிரியார் இரண்டாம் முறை கேட்டார். காரியஸ்தர் குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் பியர்ஸும் அவன் அப்பாவும் நின்றார்கள். ஐவெட்டா அவர்களைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"எங்கப்பா. ஹேமோ," என்றாள்.

பிரபு கையை விட்டார். பாதையைக் காட்டினார். ஈட்டியைக் கொடுத்தார். ஆஷ்கோம்ப் பண்ணையின் ஹேமோவும் அவன் ஈன்றதும் இனி யாருக்கும் அடிமை இல்லை என்று பாதிரியார் வாசித்தார். மெழுகுவர்த்திக்காரர் வந்து ஐவெட்டாவின் நெற்றியில் முத்தமிட்டார். ஹேமோ அதைப் பார்த்தபோது, எல்லாம் போகட்டும், இது ஒன்று போதும் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு கோயில் சுவருக்குப் பின்னால் அவள் தனியாக வந்தாள். நாலடி தள்ளியே நின்றாள். அழுதிருந்தாள்.

"ஐயா, நீங்க யாருன்னு தெரியல. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. சாமி முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், அந்தப் பாவம் என்னோடயே இருக்கட்டும். எங்கப்பாவ என்ன பண்ணாங்க? எதுக்கு உங்கள அனுப்பிச்சாங்க?"

"ஐவெட்டா," என்றான் ஹேமோ. "நான்தாண்டா கண்ணு."

அவள் சட்டென்று பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வேணாம். அவர் குரல்ல பேசாதீங்க."

ஹேமோ வாயை மூடிக்கொண்டான். அவள் போவதற்குத் திரும்பினாள், பிறகு மனசு கேட்காமல் நின்றாள்.

"எங்கயாவது அவரைப் பாத்தா சொல்லுங்க ஐயா. அடுத்த மாசம் மெழுகுவர்த்தித் திருநாளன்னிக்குக் கல்யாணம். அவர் வர்ற வரைக்கும் நான் கோயிலுக்குள்ள போகமாட்டேன், வாசல்லயே நிப்பேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்று ஹேமோ தலையை மட்டும் ஆட்டினான்.